பெட்டிக்குள் வைத்த பொட்டு

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி. செகெட்

நேற்றுப் பூஜையில் இருந்தவர்கள்: நான், மகள் வடிவு, மாப்பிள்ளை பாலின்ட், பிறந்து முப்பத்து நான்கு நாளான பேத்தி. ஃபோனில், திருநெல்வேலியிலிருந்து வடிவு அப்பா. அவர் முகம் தீபாராதனைக்கு முன்பே திரையில் உறைந்துவிட்டது, குரல் மட்டும் கடைசிவரை இருந்தது. வேறு யாரும் இல்லை.

நோட்டும் பேனாவும் பூஜையில் இருந்தபடியால் நேற்றையதை இன்று எழுதுகிறேன். இந்த நாட்டிலும் நேற்று அரசாங்க விடுமுறை, அவர்களுடைய ஏதோ பழைய புரட்சிக்காக. மாப்பிள்ளைக்கு ஒத்திகை கிடையாது. அதனால்தான் செல்லோ வீட்டில் இருந்தது.

பூஜையில் வைத்தவை: வடிவின் லேப்டாப், ஆராய்ச்சி நோட்டு இரண்டு, இந்த நோட்டு, மாப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும் இசைத்தாள் கட்டு, ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற வெள்ளைக் குச்சி, செல்லோ அதன் பெட்டியோடு. படையல்: கொண்டைக்கடலைச் சுண்டல், அவல், சர்க்கரைப் பொங்கல். பொரி கிடைக்கவில்லை. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அரிசிப் பொரியை வடிவு வாங்கி வந்தாள், அதில் சாக்லேட் பூசியிருந்தது. அம்பாள் பொறுத்துக்கொள்வாள்.

செல்லோ என்பது வயலினுக்குப் பெரிய உருவம். தரையில் ஊன்றி, முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். இது இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது, மாப்பிள்ளையின் சொந்தமும் இல்லை. புடாபெஸ்டில் ஓர் அறக்கட்டளை நல்ல வித்வான்களுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இரவலாகக் கொடுத்து வைக்கிறது. பெட்டியே ஒரு ஆள் உயரம்.

"எம்மா, பெட்டிக்கு மட்டும் பொட்டு வை. உள்ள தொட்டுறாத, என்ன?" என்று வடிவு மூன்று தடவை சொன்னாள்.

"ஏட்டி, எனக்கு ஒரு தடவ சொன்னா விளங்காதா?"

மாப்பிள்ளை சப்பணம் போட்டு உட்காரத் தெரியாமல் காலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினார். "அத்தே, சரஸ்வதிக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டார். நல்ல தமிழ். வடிவு சொல்லிக் கொடுத்தது.

"அவ மடியில இருக்கதுக்கு இது தம்பிதான மாப்ளே. பிடிக்காம?"

இன்று காலை ஆறு மணிக்கு மறுபூஜை செய்து பெட்டியை நானே எடுத்து ஓரமாக வைத்தேன். பதினொரு மணிக்கு அவர் ஒத்திகைக்கு எடுத்துப் போனார். எல்லாம் சரியாக இருக்கிறது.

அக்டோபர் 25, புதன்

இன்றைய உபயோகம். தேங்காய் எண்ணெய்: சமையலுக்கு இரண்டு கரண்டி, பேத்தி உடம்புக்கு ஒரு கரண்டி, மற்றதற்கு அரை டீஸ்பூன்.

அக்டோபர் 26, வியாழன்

காலையில் மாப்பிள்ளை காய்கறிக் கடைக்குப் போன நேரத்தில் கொஞ்சம் திருநீறு. இரண்டு சிட்டிகை. வெள்ளிப் பாத்திரத்துக்குக் கைகண்டது.

இந்த வீட்டுக் கூடம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பதினான்கு எட்டு. இன்று எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே டிராம் போகிறபோதெல்லாம் எழுந்து பார்க்கிறேன்.

அக்டோபர் 27, வெள்ளி

மாப்பிள்ளை ஒத்திகை முடியும் முன்பே வந்துவிட்டார். மேல்கோட்டைக் கழற்றாமல் பெட்டியைத் தரையில் கிடத்தித் திறந்தார். முன்பக்கம், வயிறு என்று அவர்கள் சொல்கிற இடத்தில், கீழ்ப்புறம் இடது ஓரமாக ஒரு வட்டம். எதிர் நாற்காலிக்காரர் காட்டினாராம். வாசிக்கிறவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. "என்னப்பா, பாப்ரிகா சூப்பைக் கொட்டிவிட்டாயா?" என்று கேட்டாராம். இது மிளகாய்த்தூளுக்குப் பேர் போன ஊர்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வட்டத்தின் நடுவில் பளபளப்பு போயிருக்கிறது. சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அதற்குள் மங்கலாகச் சிவப்பு. வார்னிஷ் இளகியிருக்கிறது என்றார். இருவரும் அவர்கள் பேச்சில் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"சானிடைசர்மா. பாப்பாவத் தூக்க முன்னாடி கையில போடுதாவல்லா? அது வார்னிஷக் கரைச்சிரும். கை காயுமுன்ன செல்லோவத் தூக்கியிருப்பேன், சொட்டு விழுந்திருக்கும்ங்காவ."

குழந்தையைத் தொடுமுன் யாரானாலும் கையில் மருந்து போட வேண்டும் என்பது இந்த வீட்டில் நான் வந்து போட்ட சட்டம். பாட்டிலைத் தொட்டில் கம்பியில் கட்டி வைத்ததும் நான்தான்.

வடிவு அடுக்களைக்கு வந்து பின்னால் நின்றாள். "எம்மா, நீ பெட்டியத் தெறந்தியா?"

"நீதான பெட்டிக்கு மட்டும் வைக்கச் சொன்ன?" என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் பொய் சொல்லவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

மாப்பிள்ளை நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். நாற்பத்தொன்றுவரை எண்ணினேன். சத்தம் சுவர் வழியாக அடுக்களைக்கு வருகிறது, பாத்திரமெல்லாம் லேசாக அதிர்கிறது. முன்பு வாசித்து முடித்ததும் நேரே வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். வாசிப்பதற்கு முன்பும் தூக்குவார். வெள்ளிக்கிழமையிலிருந்து தூக்கவில்லை. தொட்டில் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஏதோ சொல்கிறார். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடுகிறாள்.

வடிவுக்குப் பூண்டுக் குழம்பு கொடுத்தபோது கேட்டேன், இந்தச் செல்லோ போனால் வேறு ஒன்று வாங்கக் கூடாதா என்று. அவள் அவருடைய கதையை முதலிலிருந்து சொன்னாள். ஓரளவு தெரியும், முழுதாக இன்றுதான் கேட்டேன்.

அவர் அப்பா பஸ் டிரைவர். வெங்காயத்துக்குப் பேர் போன சின்ன ஊர். ஏழு வயதில் இசைப்பள்ளியில் சேர்க்கப் போன அன்று வயலின்கள் எல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குப் போய்விட்டன, மூலையில் ஒரு செல்லோ மிஞ்சியது. அதுதான் ஆரம்பம். பதினெட்டில் புடாபெஸ்ட் கல்லூரி. இருபத்திரண்டில் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்காரன் இன்று ஊர் ஊராகக் கச்சேரி செய்கிறான். இவர் இங்கே ஆர்கெஸ்ட்ராவில் நான்காம் வரிசையில் பதினொரு வருஷம். அங்கே உட்கார்ந்துகொண்டே சொந்தமாக எழுதத் தொடங்கினார். எழுதியதை வாசிக்க ஆள் இல்லாமல், ரயில்வேக்காரர்களின் பாட்டுக் குழுவுக்கு முன்னால் குச்சியோடு நின்று நடத்தப் பழகினார். மூன்று அடுப்பில் மூன்று பாத்திரம். எதுவும் கொதிக்கவில்லை.

"வார பதினெட்டாந்தேதி கச்சேரிலதாம்மா மொதத் தடவயா மூணும் ஒண்ணா வருது. அவுக எழுதுனது, அவுகளே வாசிச்சு, அவுகளே நடத்துதாவ. ஆர்கெஸ்ட்ராவுல ரெண்டாவது கண்டக்டர் எடம் காலியா இருக்கு. பாக்கதுக்கு அஞ்சு பேரு வாராவ. அந்தச் செல்லோவோட சத்தத்த நெனச்சுத்தான் அம்புட்டையும் எழுதிருக்காவ. கீழ்க்கம்பி இந்தமாரி வேற எதுலயும் பேசாதாம்."

குழம்பு ஆறிவிட்டது. சூடு பண்ணிக் கொடுத்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

இந்த ஊர் ரிப்பேர்க்காரர் பார்த்தார். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாராம். அறக்கட்டளை அனுமதி இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

மாப்பிள்ளை அறக்கட்டளைக்கு எழுதிவிட்டார். தன் கவனக்குறைவு, கை மருந்து, தேதி உத்தேசமாக இருபத்தைந்து என்று கையெழுத்துப் போட்டு. வடிவு வாசித்துக் காட்டினாள். இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். என்னைக் கேட்பானேன்? நான் என்ன இந்த பாஷை படித்தவளா?

நவம்பர் 9, வியாழன்

கணக்கு என்றால் முழுக்க இருக்க வேண்டும். சரஸ்வதி பூஜை அன்று விட்டுப்போன வரி இது.

தீபாராதனை முடிந்து மாப்பிள்ளை வெளியே நடக்கப் போனார். வடிவு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். பெட்டியில் நான் வைத்த பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டிக்கு வைப்பது வித்தைக்கு வைப்பது ஆகுமா? வீட்டுக் கதவுக்கு மாலை போட்டுவிட்டு உள்ளே இருக்கிறவரைக் கும்பிடாமல் வந்த மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளை பதினொரு வருஷமாக நான்காம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வருஷமாவது அம்பாள் கண் திறக்கட்டும் என்று நினைத்தேன். பெட்டியின் கொக்கியைத் திறந்து, செல்லோவின் மேல் பன்னீரில் குழைத்த சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கட்டைவிரல் அகலம். அது பூஜை முடிகிறவரை இருக்கட்டும் என்று மூடிவிட்டேன். மறுநாள் காலை துடைத்தபோது துணியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

எண்ணெயும் திருநீறும் சரியாக்கத்தான். கெடுக்க இல்லை.

நவம்பர் 13, திங்கள்

சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். திருச்செந்தூருக்குப் போகக் கொடுத்து வைக்கவில்லை.

வடிவு அப்பா ஃபோனில், "பிள்ள பெத்தவ வீட்டுல வேலைக்குப் போயிருக்க, அங்கன போயும் பட்டினியா? விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்று சத்தம் போட்டார்.

"முருகன் பாப்பான்."

"அவனுக்கு விசா கெடைக்குமா, கேட்டுச் சொல்லு."

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் கேஸ் சிலிண்டர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 15, புதன்

புடாபெஸ்டிலிருந்து ரொசாலியா அம்மாள் வந்தார். வாத்தியங்களுக்குப் பொறுப்பாளர். என் வயது இருக்கும். வெள்ளை முடி, தட்டையான செருப்பு, கையில் டார்ச். வாசலில் செருப்பைக் கழற்றினார். அதுவே எனக்குப் பிடித்துப்போய் மனது இன்னும் கெட்டது. காபி கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "நந்ரி" என்றார். வடிவு வாசலில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். விரலால் தொடவில்லை, மூக்கை அருகில் கொண்டுபோனார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

செல்லோவைக் கையோடு கொண்டுபோகிறார்கள். மாப்பிள்ளை பதினெட்டாந்தேதிவரை மட்டும் என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அந்த அம்மாள் தலையை ஆட்டி, வருத்தமாகத்தான், ஏதோ சொன்னார். இளகிய இடம் பரவினால் வாத்தியமே போய்விடுமாம். புது ஒப்பந்தம் இந்த வருஷம் அவருக்குத் தருவதா என்பதைக் குழு மாசக் கடைசியில் முடிவு செய்யும்.

பெட்டியை மாடிப்படியில் மாப்பிள்ளையே தூக்கிப் போய் காரில் வைத்தார். திரும்பி வந்து கூடத்தில் அது நிற்கிற மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தே, காபி இருக்கா?" என்றார்.

நவம்பர் 16, வியாழன்

இன்று எதுவும் எழுதுவதற்கு இல்லை.

நவம்பர் 18, சனி. சூரசம்ஹாரம்

பள்ளிக்கூடத்துச் செல்லோ ஒன்றை இரவல் வாங்கி வாசித்தார். வடிவு வீட்டில் குழந்தையோடு இருந்துகொண்டு, "நீ போம்மா, நம்ம ஆளு ஒருத்தர் எதிர்ல இருக்கணும்லா" என்று பட்டுச்சேலை கட்டிவிட்டு அனுப்பினாள். பகல் கச்சேரி. ஊரில் சூரனை முடித்துத் தண்ணீர் தெளிக்கிற நேரம். எனக்கு வெறும் வயிறு, நாக்கு ஒட்டியது.

முதல் பாகத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே தலையாலும் புருவத்தாலும் மற்றவர்களை நடத்தினார். எனக்கு இந்தச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஆறு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதாயிற்றே, அடுத்து என்ன வரும் என்று தெரியும். அந்த நாலு ஸ்வரம் வந்தது. வீட்டில் பாத்திரம் அதிரும். இங்கே எதுவும் அதிரவில்லை. வறண்ட மரம். நடுவில் ஒரு முறுக்காணி நழுவிக் கம்பி தளர்ந்துவிட்டது. வில்லைத் தூக்கினார், அத்தனை பேரும் நின்றார்கள். முந்நூறு பேர் பார்த்திருக்க அவர் காதைச் செல்லோவின் கழுத்தோடு சாய்த்துச் சுருதி சேர்த்தார். ஒருவர் இருமினார். மறுபடி ஆரம்பித்தார்.

கடைசிப் பாகத்தில் செல்லோவைக் கிடத்திவிட்டு எழுந்து நின்று குச்சியை எடுத்தார். அப்போதுதான் முகத்தில் களை வந்தது. நன்றாக இருந்தது என்று எனக்குப் பட்டது. கைதட்டினார்கள். பார்க்க வந்த ஐந்து பேரில் இருவர் முதல் பாகம் முடிந்ததுமே எழுந்து போயிருந்தார்கள். இரண்டு காலி நாற்காலி. நானே பார்த்தேன்.

இன்று சொல்லிவிடலாம் என்று விரதம் முடிக்கும்போது நினைத்தேன். களைத்து வந்திருக்கிற பிள்ளையிடம் எதற்கு என்று விட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

மதியம் புடாபெஸ்டிலிருந்து ஃபோன். செல்லோவைச் சரிசெய்யப் போகிறவர் பெயர் கோர்னேல். வியாழக்கிழமை காலை வேலை தொடங்குகிறார். மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தபடி கை மருந்து என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தக்க ஒரு திரவத்தால் அந்த இடத்தை இளக்கி, மேலே புது வார்னிஷ் சேர்ப்பாராம். வடிவு சொல்லிக்கொண்டே துணி மடித்தாள்.

"உள்ள எண்ண இருந்தா என்னாவும்?" என்று கேட்டேன்.

மடித்த துணியைக் கீழே வைத்தாள். "எண்ண எதுக்கும்மா இருக்கப் போவுது?"

"இருந்தா?"

"எளக்குனா எண்ணயும் சாயமும் மரத்துக்குள்ள எறங்கிரும். பொறவு எடுக்க முடியாது. எம்மா, என்ன எண்ண?"

சொன்னேன். சந்தனம், பன்னீர், குங்குமம், தேங்காய் எண்ணெய், திருநீறு. வரிசையாகச் சொல்ல முடிந்தது. எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறதே.

"பூஜைக்குப் பொறவு பெட்டிய வீட்டுக்குள்ள தெறந்தா மூணு நாளு சந்தன வாசன" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்ட்டி கேக்கல?"

"கேட்டேன். அடுக்களைல நின்னு கேட்டேன். நீ நேராப் பதில் சொல்லல. அதுக்கு மேல எங்கம்மாவ நான் என்னன்னு கேக்கது? நிச்சயமாவும் தெரியாது." அழுதாள். பச்சை உடம்புக்காரியை அழவைத்தேன். "நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

நவம்பர் 21, செவ்வாய்

காலை ஏழே காலுக்குச் சொன்னேன். மாப்பிள்ளை பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். மெதுவாக, அவருக்கு விளங்குகிற தமிழில் சொன்னேன். விளங்காததை வடிவு எடுத்துச் சொன்னாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் அடைத்தேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். "அத்தே, என் கை இல்லையா?"

"உங்க கை இல்ல மாப்ளே. என் கை."

நேரே தொட்டிலுக்குப் போனார். பாட்டிலைத் தொடவே இல்லை, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருபத்தைந்து நாள். அவள் அவர் காதைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். உள்ளே போகவா, வெளியே வரவா என்று தெரியவில்லை.

பிறகு திரும்பினார். முகம் சிவந்திருந்தது. வடிவிடம் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசினார், ஒரு தடவை சுவரைக் கையால் அறைந்தார். குழந்தை திடுக்கிட்டது, உடனே தட்டிக்கொடுத்தார். என்னிடம் தமிழில் ஒன்றுதான் சொன்னார். "அத்தே, நீங்க கச்சேரி பார்த்தீங்க. பார்த்தீங்க இல்ல?"

பார்த்தேன் என்றேன்.

பத்து மணிக்குக் கோர்னேலைக் கூப்பிட்டார். வாய்ப்பேச்சை வைத்து எதையும் மாற்ற முடியாது, கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்கிறது, யார் வைத்தாரோ அவரே எழுதித் தர வேண்டும், ரொசாலியா ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்களாம். வடிவு எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். பேப்பர் படித்துப் படித்து நானாகப் பழகிய இங்கிலீஷ் இதற்குப் போதும். பிழை இருந்தால் என் பிழை. மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே அதை ஃபோனில் படம் பிடித்து மெயிலில் அனுப்பினார். அனுப்பியதும் அறைக்குள் போய்விட்டார். குழந்தையையும் கொண்டுபோய்விட்டார்.

எழுதியதன் நகல், தமிழில்:

மதிப்பிற்குரிய ரொசாலியா அம்மையாருக்கு,

நான் பாலின்டின் மாமியார் ஆவுடையம்மாள். நீங்கள் வந்த அன்று காபி கொடுத்தவள். செல்லோவில் இருக்கிற அடையாளம் என்னால் ஏற்பட்டது. பாலின்ட் கையில் மருந்து போட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் தெரியாமல் தன் மேல் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

அக்டோபர் 23 பகல் ஒரு மணி: சந்தனத்தூள் இரண்டு சிட்டிகை, கடைப் பன்னீரில் குழைத்தது. பாட்டிலில் ஸ்பிரிட் கலந்தது என்று போட்டிருக்கிறது, இன்றுதான் வாசித்தேன். அதன் மேல் குங்குமம் ஒரு சிட்டிகை, மஞ்சளில் செய்தது. பதினேழு மணி நேரம் மூடிய பெட்டியில் இருந்தது. 24 காலை ஆறு மணி: ஈரத்துணி. 25: தேங்காய் எண்ணெய் அரை டீஸ்பூன், விரலால் தேய்த்தேன். 26: திருநீறு, அதாவது சாணச் சாம்பல், இரண்டு சிட்டிகை, உலர்ந்த துணியால். வேறு எதுவும் இல்லை. சந்தனம், குங்குமம், திருநீறு மூன்றிலும் கொஞ்சம் தனித்தனியாகக் கட்டி, பன்னீர் பாட்டிலோடு நாளைக் காலை ரயிலில் வருகிறவர் ஒருவரிடம் என் மகள் கொடுத்தனுப்புகிறாள்.

எங்கள் வழக்கத்தில் அது மரியாதை. உங்கள் பொருளுக்கு அது சேதம். கேட்காமல் செய்தது என் தவறு. அதற்கு என்ன தண்டனை உண்டோ என் பெயருக்கு எழுதுங்கள். அவர் பெயருக்கு எதிரே இருப்பதை அடித்துவிடுங்கள். குழுவின் முன் வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன். டிசம்பர் 9 அன்று ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருக்கிறது, வேண்டுமானால் தள்ளிப்போடுகிறேன்.

வியாழக்கிழமை காலை வேலை தொடங்கும் என்றார்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்ததா, கோர்னேல் இதை வாசித்தாரா என்று மட்டும் தெரிய வேண்டும். தயவுசெய்து நாளைக்குள் பதில் எழுதுங்கள்.